தேனைவிட விலைபோன பிசின்

இத்தாலியன் தேனீப் பெட்டியை முதன்முதலாகத் திறக்கும் எங்கள் ஊர்க்காரர் யாரானாலும் மூடியோடு மல்லுக்கட்டியே ஆக வேண்டும். கையால் தூக்கினால் வராது. இரும்புப் பட்டையைச் செருகி நெம்பினால்தான், மரம் பிளப்பதுபோல ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும். உள்ளே சட்டங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். விரலில் செம்பழுப்பாக ஏதோ பிடித்துக்கொள்ளும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தால்தான் கரையும். மோந்து பார்த்தால் சாம்பிராணியும் பச்சை இலையும் கலந்த வாசனை.

மார்த்தாண்டம் பக்கம் நாங்கள் இரண்டு தலைமுறையாக வளர்த்தது இந்தத் தேனீயை அல்ல. நம்மூர் அடுக்குத் தேனீ, ஏபிஸ் செரானா, பிசின் பூசாத இனம். அதற்கு மெழுகே போதும். நியூட்டன் பெட்டியின் மூடியை ஒற்றைக் கையால் எடுத்து வைக்கலாம். சட்டத்தை இரண்டு விரலால் உருவலாம். அந்தப் பெட்டி 1911-17 காலத்தில் நியூட்டன் என்ற பாதிரியார் தென்னாட்டில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தபோது நம் தேனீயின் அளவுக்கு வடிவமைத்தது. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்து ஒய்.எம்.சி.ஏ. வழியாக அதை வீட்டுக்கு வீடு பரப்பினார். ரப்பர் துளிர்விடும் மாசி, பங்குனியில் பெட்டிகளைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோவது அப்படித்தான் எங்களுக்குத் தொழிலாயிற்று.

1991, 92இல் அந்தத் தேனீக்களுக்கு வைரஸ் நோய் வந்தது. புழுக்கள் அறைக்குள்ளேயே நீர் நிறைந்த பைகளாகிச் செத்தன. தென்மாவட்டங்களிலும் கேரளத்திலும் பெட்டிகள் காலியாகின. 1960களிலேயே பஞ்சாப் பக்கம் வேரூன்றியிருந்த இத்தாலியன் தேனீ, ஏபிஸ் மெல்லிஃபெரா, இங்கே வந்தது அதன் பிறகுதான். கூடவே புரோபோலிஸ் என்ற பிசினும் வந்தது. அப்பாவுக்கு அது வெறும் கறை. "சுரண்டி தூரப் போடுல" என்பார். பின்னால் அந்தச் சுரண்டலை எடைக்கு வாங்க ஆள் தேடி வந்தபோதுதான் இதன் பூர்வோத்திரத்தைத் தோண்டத் தொடங்கினேன். தோண்டத் தோண்ட, அப்பா சொன்ன அதே சொல்லை உலகம் முழுக்கத் தேனீ வளர்த்தவர்கள் நூறு வருஷத்துக்கு மேல் சொல்லியிருப்பது தெரிந்தது. அதற்கு முன்னால் அவர்கள் அப்படிச் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது.

அரிஸ்டாட்டிலின் விலங்குகள் பற்றிய நூலிலேயே இது இருக்கிறது. தேனீக்கள் மரங்கள் வடிக்கும் பசையைக் கொண்டுவந்து கூட்டைப் பூசுகின்றன, வாசலில் கறுப்பாக, காரமான வாசனையோடு ஒரு பொருள் இருக்கிறது, அது அடிபட்ட இடத்துக்கும் சீழ்ப்புண்ணுக்கும் மருந்து என்கிறார். ரோமாபுரியில் வார்ரோ. மனைவி ஃபுண்டானியா நிலம் வாங்கியிருக்கிறாள், அவளுக்கு வழிகாட்டத் தன் எண்பதாம் வயதில் வேளாண்மை நூல் எழுத உட்காருகிறார், கி.மு. 37. தேனீப் பகுதிக்கு வரும்போது போகிறபோக்கில் ஒன்று சொல்கிறார்: வைத்தியர்கள் களிம்புப் பற்றுக்குப் பயன்படுத்துவதால் ரோமின் 'வியா சாக்ரா' வீதியில் இந்தப் பிசின் தேனைவிட அதிக விலைக்குப் போகிறது. எனக்கு இந்த ஒரு தகவல் போதும். மருத்துவ நூலில் எழுதியிருப்பதை நம்பலாம், நம்பாமலும் போகலாம். கடைத்தெரு விலை வேறு. காசு கொடுத்து வாங்கியவன் ஏதோ பலன் கண்டுதான் மறுபடி வாங்கியிருப்பான்.

அடுத்த நூற்றாண்டில் செல்சஸ், பிளினி, டயஸ்கோரிடீஸ் எல்லாரும் எழுதுகிறார்கள். மூவர் சொல்வதும் ஏறத்தாழ ஒன்றே: கட்டியைப் பழுக்க வைக்கும், முள்ளையும் சிராயையும் வெளியே இழுக்கும், ஆறாத புண்ணை ஆற்றும். டயஸ்கோரிடீஸ் பழைய இருமலுக்கு இதன் புகையைப் பிடிக்கச் சொல்கிறார். பதினோராம் நூற்றாண்டில் இப்னு சீனா 'கறுப்பு மெழுகு' என்று இதையே குறிப்பிட்டு, முள் இழுப்பதைத் திரும்பவும் சொல்கிறார். கவனித்துப் பாருங்கள், இவர்களில் யாரும் இதைச் சர்வரோக நிவாரணி என்று விற்கவில்லை. புண், சீழ், முள். பெரும்பாலும் மேலே தடவுகிற மருந்து. இன்றைக்குச் சின்னச் சொட்டுப் புட்டியில் அடைத்து, அட்டையில் பத்து வியாதி அச்சடித்து விற்பவர்களைவிட அந்தக் காலத்தார் அடக்கமாகவே பேசியிருக்கிறார்கள்.

பிசினின் பெருமையை ஏற்றிச் சொல்லும் கதைகளுக்கும் குறைவில்லை. கிரெமோனா நகரத்து ஸ்ட்ராடிவாரியின் வயலின்கள் அப்படி ஒலிப்பதற்கு அவர் வார்னிஷில் சேர்த்த புரோபோலிஸ்தான் காரணம் என்று ஒரு கதை. 2009இல் பாரிஸில் அவர் செய்த கருவிகளின் பூச்சைச் சுரண்டிச் சோதித்தபோது கிடைத்தது எண்ணெயும் ஊசியிலை மரப் பிசினும்தான்.

இந்தப் பிசின் எங்கிருந்து வருகிறது என்பதில் ஐரோப்பியர் நெடுநாள் குழம்பினார்கள். அதைக் கண்ணால் பார்த்துச் சொன்னது கண் தெரியாத ஒருவர் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஜெனீவாவில் வாழ்ந்த ஃபிரான்சுவா ஊபெர் இளவயதிலேயே பார்வை இழந்தவர். உதவியாளர்களைப் பார்க்க வைத்து, கேள்விமேல் கேள்வி கேட்டு, தேனீ பற்றி அவருக்கு முன் யாரும் அறியாததையெல்லாம் எழுதினார். 1814இல் வெளிவந்த பதிப்பில் இந்தச் சோதனை இருக்கிறது: இலை விரியுமுன் வெட்டிய பாப்ளார் கிளைகளை, மொட்டுகளில் செந்நிறப் பசை வழிய வழிய, தேனீக்கள் போகிற வழியில் தொட்டியில் நட்டுவைத்தார். கால்மணி நேரம்கூட ஆகவில்லை, ஒரு தேனீ வந்து உட்கார்ந்து மொட்டைத் தாடையால் பிரித்து, பசையை நூலாக இழுத்து, பின்னங்கால் கூடையில் ஏற்றியது.

இத்தனை தெளிவாக எழுதிவைத்தும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒருவர், இது தேனீ மகரந்தத்தைத் தின்று உள்ளிருந்து வெளியிடும் எண்ணெய் என்று வாதிட்டார். 1920களில் தேனீக்கள் மொட்டில் பிசின் எடுப்பதை மறுபடி நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கும் பிறகு சோவியத் வேதியியலாளர் போப்ராவ்கோ பாப்ளார், பிர்ச் மொட்டுகளையும் பெட்டிப் பிசினையும் பகுத்துப் பார்த்து, இரண்டும் ஒரே சரக்கு என்று காட்டினார்.

பிசின் எடுக்கப் போவது வேலைக்காரத் தேனீக்களில் வெகு சிலதான். வெயில் ஏறிய நேரத்தில் போகும்; அப்போதுதான் பசை இளகும். சுமையோடு வீடு திரும்பினால் தானே இறக்கிவைக்க முடியாது. மகரந்தத்தை உதறிவிடலாம், பிசினை உதற முடியுமா? பூசும் இடத்தில் போய் நின்றுகொண்டிருக்கும். மற்றத் தேனீக்கள் வந்து கடித்துக் கடித்து இழுத்தால்தான் கால் விடுதலை ஆகும். சில சமயம் மணிக்கணக்காகும். இத்தனை தொல்லைப்பட்டு ஒரு பூச்சி இதைச் சேர்க்கிறதென்றால் சும்மா இடுக்கை அடைப்பதற்கு மட்டுமா சேர்க்கும்? பெட்டிக்குள் எலி புகுந்து கொட்டு வாங்கிச் சாகும். அத்தனை பெரிய பிணத்தைத் தேனீக்களால் இழுத்துப்போட முடியாது. முழு உடம்பையும் பிசினால் மூடிவிடும். மாதங்கள் கழித்துத் திறந்தாலும் நாறாமல் காய்ந்து கிடக்கும் எலியை மேல்நாட்டுத் தேனீக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

மருந்தாக இருந்தது கறையாக மாறிய ஆண்டையும் சொல்லிவிடலாம்: 1852. அதுவரை ஐரோப்பாவில் பல இடங்களில் வைக்கோல் கூடைகளில் தேனீ வளர்த்தார்கள். தேன் எடுக்கக் கந்தகப் புகை போட்டுக் கூட்டத்தையே கொல்வதும் வழக்கம். ஃபிலடெல்ஃபியாவில் இருந்த லாங்ஸ்ட்ராத் என்ற போதகர் 1851இல் ஒரு சங்கதியைப் பிடித்தார். அடைக்கும் சுவருக்கும் நடுவில் ஏறத்தாழ எட்டில் மூன்று பங்கு அங்குலம், அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர் அளவுக்கு வழி விட்டால், தேனீ அதை நடைபாதையாக வைத்துக்கொள்ளும். அதற்குக் குறைந்த இடுக்கென்றால் பிசினால் அடைக்கும், கூடினால் அடை கட்டும். இந்த அளவை வைத்துக் கழற்றி மாட்டும் சட்டங்களோடு பெட்டி செய்து, அடுத்த ஆண்டு காப்புரிமை வாங்கினார். நியூட்டன் பெட்டிக்கும் அதே கணக்குத்தான் மூலம்.

அந்த நாளிலிருந்து பிசின் எதிரி ஆனது. சட்டம் உருவ வேண்டும், மூடி திறக்க வேண்டும், ஒரு நாளில் நூறு பெட்டி பார்க்க வேண்டும். ஒட்டினால் வேலை கெடும். ஆகவே பலகையை உள்ளும் புறமும் வழவழப்பாக இழைத்தார்கள். பிசின் அதிகம் சேர்க்கும் காக்கேசியத் தேனீ அந்தக் காரணத்துக்காகவே பலருக்குப் பிடிக்காமல் போயிற்று. குறைவாக ஒட்டும் குலங்களைப் பார்த்துப் பார்த்து ராணி வளர்த்தார்கள். வியா சாக்ராவில் தேனைவிட விலைபோன சரக்கைச் சுரண்டி அடுப்பில் போட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தேன் மலிந்தது, தேனீக்கள் கந்தகப் புகையில் சாவது நின்றது. ஆனால் தேனீ எதற்காக அதைச் சேர்க்கிறது என்று கேட்கும் பழக்கமும் கூடவே நின்றுபோனது.

கேள்வியை மறுபடி எடுத்தவர்கள் கிழக்கே இருந்தார்கள். கசான் நகரத்துக் கால்நடை மருத்துவக் கழகத்தில் கிவல்கினா என்ற ஆய்வாளர் 1940களில் புரோபோலிஸைக் கிருமிகளுக்கு எதிராகச் சோதித்தார். பென்சிலின் தாராளமாகக் கிடைக்காத நாட்டில் மாட்டுப் புண்ணுக்கும் மனிதப் புண்ணுக்கும் கைக்கெட்டிய மருந்து தேவைப்பட்டது. 'ரஷ்யப் பென்சிலின்' என்ற பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. கிழக்கு ஐரோப்பாவில் இதன் சாராயக் கரைசல் வீட்டு அலமாரியில் இருக்கும் சாமான் ஆனது.

சரி, உண்மையில் கிருமியைக் கொல்கிறதா? கொல்கிறது, எல்லாவற்றையும் அல்ல. ஐரோப்பியப் பிசினில் வேலை செய்வது பினோசெம்ப்ரின், காலங்கின் போன்ற ஃபிளேவனாய்டுகளும் காஃபிக் அமிலத்தின் எஸ்டர்களும். காலங்கின் நமக்கு அந்நியம் இல்லை. சளிக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் சித்தரத்தையில் இருப்பதும் அதுவே. சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ், தொண்டைக்கு வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலான கிராம்-பாசிடிவ் வகைகள் இதற்கு எளிதில் மசியும். 1994இல் வெளியான ஓர் ஆய்வில் பிசின் பட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் செல்கள் வளர்ந்தும் பிரிய முடியாமல் ஒட்டிக்கொண்டே நின்றன. புரதம் செய்வதும் தடைப்பட்டது. ஒரே இடத்தில் அடிக்கும் மருந்தல்ல, பல இடத்தில் ஒரே சமயம் தட்டுகிறது. ஈ. கோலி, சூடோமோனாஸ் போன்ற கிராம்-நெகடிவ் கிருமிகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. அவற்றிடம் இந்த ஜம்பம் அவ்வளவாகச் சாயாது. பழைய வைத்தியர்கள் சீழ்க்கட்டியோடு நிறுத்திக்கொண்டது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

ஆய்வகத் தட்டில் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழுவதும், விழுங்கியவர் உடம்பில் நோய் தீருவதும் வேறு வேறு. அதோடு இது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தேனீக்காரர்கள் கையில் வரும் அரிப்புக்குக் காரணம் இந்தக் காஃபிக் எஸ்டர்களே என்று 1980களில் ஹாம்பர்கில் கண்டுபிடித்தார்கள். தோல் ஒவ்வாமைக்குப் பரிசோதிக்கும் பட்டியலில் இன்று புரோபோலிஸும் ஓர் இனம்.

பணம் புரண்ட கதை பிரேசிலுடையது. 1956இல் மரபியலாளர் வார்விக் கெர் ஆப்பிரிக்காவிலிருந்து ராணிகளைக் கொண்டுவந்து சாவ் பாவ்லோ மாநிலத்தில் ரியோ கிளாரோ அருகே வைத்திருந்தார். வெப்ப நாட்டுக்கு ஏற்ற தேனீயை உருவாக்குவது நோக்கம். அடுத்த ஆண்டு, ராணி வெளியே போகாமல் தடுக்கும் தகட்டை யாரோ எடுத்துவிட, 26 கூட்டங்கள் பறந்துபோயின. அவை அங்கே இருந்த ஐரோப்பியத் தேனீக்களோடு கலந்து கண்டம் முழுக்கப் பரவின. கோபக்காரத் தேனீ, பலர் தொழிலையே விட்டார்கள். பொறுத்து நின்றவர்கள் கண்டது, இந்தக் கலப்பினம் பிசினை வாரி வாரிச் சேர்க்கிறது. மினாஸ் ஜெராய்ஸ் மேட்டு நிலத்தில் 'அலெக்ரிம் தோ காம்போ' என்றொரு புதர், தாவரப் பெயர் பக்காரிஸ் டிராகுன்குலிஃபோலியா. மேய்ச்சல் காட்டில் தன்னால் முளைக்கும் களை. தேனீ அதன் குருத்தையே பச்சையாகக் கடித்து எடுத்துக்கொண்டு வருவதால் அங்கத்துப் பிசின் பச்சை நிறம்.

1985இல் உலகத் தேனீ வளர்ப்பு மாநாடு ஜப்பானில் நகோயாவில் நடந்தது. அதையொட்டி ஜப்பானியர் கவனம் புரோபோலிஸ் மேல் திரும்பியது. பிரேசில் பச்சைப் பிசினைத் தேடித்தேடி வாங்கினார்கள். மினாஸ் தேனீக்காரர்கள் பெட்டியையே திருத்தினார்கள்: பக்கவாட்டில் ரீப்பர்களை எடுத்து இடைவெளி விட்டால், ஓட்டையைப் பொறுக்காத தேனீ அதைப் பிசினால் நிரப்பும், பட்டையாக அறுத்து எடுத்துக்கொள்ளலாம். லாங்ஸ்ட்ராத் வேண்டாமென்று ஒழித்த இடுக்கை இவர்கள் வேண்டுமென்றே வைத்தார்கள். தேன் உபரி வரும்படி ஆயிற்று.

அந்தப் பச்சைப் பிசினை ஆய்வகத்தில் பிரித்தபோது பாப்ளாரின் பினோசெம்ப்ரின், காலங்கினை முன்னிறுத்திய பழைய பட்டியல் அங்கே பொருந்தவில்லை; முன்னால் நின்றது ஆர்டிபிலின் சி என்ற வேறு பொருள். பிரேசிலின் வடகிழக்கில் அலகோவாஸ் கடற்கரைச் சதுப்புக் காடுகளில் கிடைப்பது சிவப்பு. அது டால்பெர்ஜியா என்ற, நம்மூர் ஈட்டி மரத்தின் இனத்துச் செடியிலிருந்து. 2012இல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கியூபாவில் குளூசியா மலரின் பிசின், ஒகினாவாவிலும் தைவானிலும் மகரங்கா காய்களின் பூச்சு. ஒவ்வொன்றிலும் வேதிப்பொருள் வேறு. ஆனாலும் ஒவ்வொன்றும் கிருமியை எதிர்க்கிறது. மரம் தன் குருத்தைப் பூஞ்சையிலிருந்து காத்துக்கொள்ளச் சுரப்பதைத் தேனீ திருடிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். எனவே புரோபோலிஸ் வாங்க வருகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்த மரம் என்பது. என்னிடம் சுரண்டல் கேட்டு வந்தவர் எடையை மட்டும் கேட்டார். ரப்பர்த் தோட்டத்து இத்தாலியன் பெட்டியில் என்ன பிசின் இருக்கிறது என்று பகுத்துப் பார்க்காமல் அதை மருந்தென்று விற்க எனக்கு மனம் வரவில்லை.

"நம் முன்னோர் அன்றே அறிந்த புரோபோலிஸ்" என்று விளம்பரம் செய்கிறவர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. நம் பெட்டித் தேனீ அதைச் சேர்க்காதபோது முன்னோர் எங்கே போய் அறிவார்கள்? பெருமைப்பட வேறு தேனீக்கள் நம்மிடம் இருக்கின்றன. வேலியோரச் செடியில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ, கிளையின் இருபுறமும் பிசினால் வளையம் போட்டுவைக்கும். எறும்பு அதைத் தாண்ட முடியாது. சுவர் வெடிப்பிலும் மரப்பொந்திலும் இருக்கும் கொசுத்தேனீக்கு வீடே பிசின்தான். மெழுகையும் பிசினையும் பிசைந்துதான் தேன் குடமும் முட்டை அறையும் வாசல் குழாயும் செய்கிறது. கொட்டத் தெரியாத அது எதிரியைப் பிசினாலேயே அடக்கும். ஆஸ்திரேலியாவில் இதன் உறவுக்கார இனம், கூட்டுக்குள் புகுந்த வண்டை உயிரோடு பூசி மூடுவதை 2010இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். கேரள வைத்தியர்கள் சிறுதேன் என்று தனி விலை கொடுத்து வாங்குவது இந்தத் தேனைத்தான். பிசினோடு கிடந்து ஊறியதால் அதற்கு அந்தப் புளிப்பும் காரமும் வந்ததென்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.

1976இல் சீலி, மோர்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் நியூயார்க் மாநிலக் காடுகளில் மரப்பொந்துக் கூடுகளை அறுத்துத் திறந்து பார்த்து, உள்சுவர் முழுக்க மெல்லிய பிசின் பூச்சு இருப்பதை எழுதியிருந்தார்கள். பிறகு மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்லா ஸ்பிவாக்கும் அவர் மாணவர்களும் பெட்டியின் உட்புறத்தில் பிசினைப் பூசிப் பார்த்தார்கள். 2009இல் வந்த முடிவு: பிசின் பூசிய பெட்டியில் தேனீக்களின் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் குறைவாகவே வேலை செய்தன, கிருமியும் குறைவு. சுவரே காவல் நிற்பதால் உடம்பு ஓய்வெடுக்கிறது. 2012இல் இன்னொன்று: புழுவைச் சுண்ணாம்புபோல் ஆக்கும் பூஞ்சை நோய் தாக்கினால் கூட்டம் பிசின் எடுக்கப் போவதைக் கூட்டிக்கொள்கிறது. நாம் வழவழவென்று இழைத்துக் கொடுத்த பலகையில் தேனீ இடுக்குகளை மட்டும் அடைத்து நிறுத்திவிடுகிறது. சொரசொரப்பாக விட்டால் பொந்தில் பூசுவதுபோல முழுச் சுவரையும் பூசும். அதனால் பெட்டியின் உட்புறத்தை இழைக்காதீர்கள் என்பது இப்போது அங்கே தரப்படும் யோசனை.

போன தடவை இத்தாலியனுக்குப் புதுப்பெட்டி சொன்னபோது ஆசாரியிடம் இதைச் சொன்னேன். உள்ளே ரம்பம் போட்ட சொரசொரப்பு அப்படியே இருக்கட்டும், இழைப்புளி வைக்க வேண்டாம் என்றேன். முப்பது வருஷமாக எங்களுக்குப் பெட்டி செய்பவர்.

"எண்ணே, இழைக்காம தந்தா பாக்கவன் என்ன சொல்லுவான்? ஆசாரிக்கு வேல தெரியாதும்பான்."

"உள்ள யாரு பாக்கப்போறா ஆசாரி, தேனீயில்லா பாக்கும்."

கடைசியில் உட்புறத்தை விட்டுக்கொடுத்தார். வெளிப்புறத்தை மட்டும் வழக்கத்தைவிட இரண்டு தடவை அதிகமாக இழைத்து, அதற்கும் சேர்த்துக் கூலி வாங்கிக்கொண்டார்.